ஒரே சாதி வச்சா பூக்கும், காய்க்காது

விதைத்தோட்டத்தைக் கெடுத்தவர் லெச்சுமி அல்லர். மற்றவற்றை எழுதுமுன் இதை எழுதிவிடுகிறேன். கண்டி மஹய்யாவ வீட்டில் அவருடைய உடல் உள்ளே இருக்க, வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தபடி நம் நிலையத்தின் பழைய ஆட்கள் இருவர் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். "தங்கமான பொம்பள. ஆனா அந்த விதைத்தோட்டத்தை நாசமாக்கினது இதுதான்" என்றார் ஒருவர். "பாவம், படிப்பு பத்தாது" என்றார் மற்றவர். மரண வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று எனக்குச் சிறுவயதில் கற்பித்திருந்தார்கள். அந்த ஒழுக்கத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு அன்றும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நிலையத்தின் பழைய ஊழியர்களாகிய நீங்கள் அவருக்காக வெளியிடவிருக்கும் நினைவு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டீர்கள். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும்படி மலரின் முதற்படியையும் அனுப்பினீர்கள். எழுத்துப்பிழைகள் பதினேழு. அவற்றைக் குறித்திருக்கிறேன். பதினெட்டாவது பிழை வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது: "விதைத்தோட்டத்தில் நேர்ந்த தவறின் பின் நாற்றுமேடைக்கு மாற்றப்பட்டார்." யாருடைய தவறு என்று அந்த வரி சொல்லவில்லை. படிக்கிறவர்கள் அவருடையது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவருடைய மூத்த மகள் கோகிலா தொலைபேசியில் பேசினாள். "மிஸ், அம்மா போயிருச்சு." நான் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு?" என்றுதான். விவரம் கேட்பது என் பழக்கம்; அழுகை அதன் பிறகுதான் வரும், சில வேளை வராது. "இப்பத்தான் மிஸ். தேத்தண்ணி கேட்டுச்சு. ஊத்திக்கிட்டு வந்தேன். இல்ல." பிறகு அவள், "தண்ணி இன்னும் சூடா இருக்கு மிஸ்" என்றாள்.

மரண அறிவித்தலில் முத்துலட்சுமி என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் ஒருநாளும் அப்படி ஒப்பமிட்டதில்லை. முத்துலெச்சுமி என்றே எழுதுவார். வேலைக்கு வந்த முதல் மாதம் அதையும் நான் சிவப்பு மையால் திருத்தினேன். தாளைக் கொண்டு என் மேசைக்கு வந்து, "எம்பேரு எனக்குத் தெரியாதா மிஸ்?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் கை வைக்கவில்லை. அவருடைய எழுத்தில் நான் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கம்பளைப் பக்கம் இருந்த நம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சிறியது: ஒரு நாற்றுமேடை, ஓர் ஆய்வுகூடம், ஓர் அலுவலகம். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எட்டு வயதில் கண்டிக் கன்னியர் மடப் பள்ளி விடுதிக்கு வந்து, இங்கேயே மணமாகி, இங்கேயே விதவையானவள். என் மேசையைத் தாண்டாமல் ஒரு தமிழ்த் தாளும் வெளியே போகாது. லெச்சுமி ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பூக்களைத் தரம் பிரிக்கும் நாட்கூலியாக வந்தார். அவருடைய கை நடுங்காது என்பதைக் கண்ட ஆய்வாளர் ஒருவர் அவரை நுணுக்குக்காட்டிக்கு முன் உட்கார வைத்தார். மூன்று ஆண்டுகளில், எந்தத் தேயிலை எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதை அவரைக் கேட்காமல் அங்கே ஒருவரும் முடிவு செய்யவில்லை.

அவர் செய்தது இந்த வேலை. ஒரு பூவுக்கு அதே செடியின் மகரந்தத்தை இடுவார். இன்னொரு பூவுக்கு வேறொரு செடியின் மகரந்தத்தை இடுவார். சில நாட்கள் கழித்துப் பூவின் நடுவிலுள்ள தம்பத்தை, அதாவது மகரந்தம் இறங்கிப் போகும் தண்டை, சூலகத்தோடு எடுத்துக் காரநீரில் மென்மையாக்கி, நீலச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஊதா ஒளியில் பார்ப்பார். மகரந்தத்திலிருந்து வளர்ந்த குழாய்கள் அந்த ஒளியில் மினுங்கும்.

ஒருநாள் என்னை அழைத்தார். "மிஸ், ஒருக்கா வந்து பாருங்களேன். தண்டு பூரா விளக்கு வச்ச மாதிரி இருக்கு." பார்த்தேன். முதல் தகட்டில் வேற்றுச் செடியின் மகரந்தம். குழாய்கள் தம்பத்தின் வழியே இறங்கிச் சூல்வித்துக்குள் நுழைந்திருந்தன. இரண்டாவது தகட்டில் அதே செடியின் மகரந்தம். அதன் குழாய்களும் இறங்கியிருந்தன. சூலகம் வரை வந்து, நுனி வீங்கி, நின்றுவிட்டிருந்தன.

"வாசல் வரைக்கும் வந்துருச்சு மிஸ். உள்ள விடல."

"ஆர் விடேல்லை?"

"அதே பூதான். அதோட சொந்தத் தூளை அதுக்குத் தெரியுது."

"பூவுக்குக் கண் இருக்கே?"

"கண்ணு இல்ல. நாக்கு இருக்கும்போல. ருசி பாத்துட்டுத் துப்புது."

நான் சிரித்தேன். அந்தச் சோதனையைப் பற்றிய தாளில் 'உயிர்வேதியியல் முறையில் இனங்கண்டு நிராகரிக்கிறது' என்று மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது அதைவிடச் சரி என்பது இப்போது தெரிகிறது. தொட்டுப் பார்ப்பதும் ருசிப்பதும் போல, ஒரு புரதம் இன்னொரு புரதத்தை அறிவதுதான் அங்கே நடப்பது.

இன்னொரு நாள் ஒரு பாடசாலையிலிருந்து ஆசிரியர் ஒருவர் மாணவிகளோடு வந்தார். லெச்சுமி தகடுகளைக் காட்டி முடித்ததும் அந்த ஆசிரியர், "பாருங்கள் பிள்ளைகளே, சொந்தத்துக்குள் திருமணம் கூடாது என்பதைச் செடிகூட அறிந்திருக்கிறது" என்றார். லெச்சுமி தகட்டைத் துடைத்துக்கொண்டே, "நான் மாமா மகனைத்தான் கட்டினேன் சேர். மூணு புள்ள. நல்லாத்தான் இருக்குதுக. தேயிலைச் சட்டம் தேயிலைக்கு" என்றார். மாணவிகள் வாய் பொத்திச் சிரித்தார்கள். செடியிடமிருந்து மனிதருக்குப் பாடம் எடுப்பதை அவர் எப்போதும் விரும்பியதில்லை. ஆகவே நானும் இங்கே எடுக்காமலிருக்க முயல்கிறேன்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். தோட்டத்துத் தமிழில் தேயிலையின் வகைக்குச் சாதி என்று பெயர். லெச்சுமி குறிப்பெழுதும்போதும் அப்படியே எழுதுவார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"லெச்சுமி, இஞ்ச வாரும். வெளியில போற தாளில சாதி எண்டு எழுதுறதே? வாசிக்கிறவை என்ன நினைப்பினம்?"

"தேயிலையைத்தான் நெனைப்பாங்க மிஸ். 'அந்த மலையில என்ன சாதி?'ன்னு கேட்டா கொழுந்தைப் பத்தித்தான் கேக்குறாங்க. ஆளைப் பத்தி கேக்கணும்னா வேற மாதிரி சுத்தி வளைச்சு கேப்பாங்க. அது நமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் அச்சில வேண்டாம்."

"நீங்க படிச்சவங்க. வெட்டிக்கிங்க" என்று போய்விட்டார்.

நிலையம் ஒரு விதைத்தோட்டம் அமைக்கத் தீர்மானித்தது அந்த ஆண்டில்தான். இப்போதுள்ள தேயிலை பெரும்பாலும் தண்டுத் துண்டு வைத்து வளர்த்தது. ஒரு தாய்ச்செடியிலிருந்து பத்தாயிரம் துண்டு வெட்டி நட்டாலும் அது பத்தாயிரம் இடத்தில் நிற்கும் அதே ஒரு செடி. அதன் ஒரு மரத்து மகரந்தம் பக்கத்து மரத்துக்கும் சொந்த மகரந்தமே. மலை முழுவதும் பூத்தாலும் விதை பிடிக்காது. விதை வேண்டுமானால் வெவ்வேறு தாய்ச்செடிகளின் நாற்றுகளை வரிசை மாற்றி நட வேண்டும். நடுகைக்கான அறிவுறுத்தலை லெச்சுமி எழுதினார். அதில் நான்காவது வரி இது: "ரெண்டு சாதியை மாத்தி மாத்தி வரிசையா வைக்கணும். ஒரே சாதி வச்சா பூக்கும், காய்க்காது."

தாள் என் மேசைக்கு வந்தபோது லெச்சுமி விடுமுறையில் இருந்தார். அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் அந்த வரியை, "இரண்டு இனங்களை மாறி மாறி வரிசையாக நடுதல் வேண்டும். ஒரே இனத்தை நட்டால் பூக்கும், காய்க்காது" என்று எழுதினேன். இனம் என்பது கண்ணியமான சொல். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நடுகைக்குப் பொறுப்பாயிருந்தவர் உயிரியலைத் தமிழில் படித்த இளைஞர். நம் பாடநூல்களில் இனம் என்றால் மாமரம் எல்லாம் ஓர் இனம், தேயிலை எல்லாம் ஓர் இனம் என்று பொருள். அவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினார்: "தேயிலை ஒரே இனம் அல்லவா? இரண்டாவது இனம் எது?" கேள்வி நியாயமானது. கலைச்சொல் அகராதியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் கையால் போன தாளில் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த பிழையா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. லெச்சுமிக்குப் பாடநூல் தெரியாது, அதனால் வந்த பிழை என்று முடிவு செய்தேன். இனம் என்பது என்னுடைய சொல் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நான்காவது வரியை முழுவதுமாக வெட்டினேன். நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரம். போய்க் கேட்டிருக்கலாம். தாள் புதிதாகத் தட்டச்சாகிப் போயிற்று. அடியில் 'தயாரித்தவர்: முத்துலெச்சுமி' என்று இருந்தது. மூலையில் மிகச் சிறிதாக என் முதலெழுத்துகள்.

லெச்சுமி வேலைக்குத் திரும்புமுன், ஒரே தாய்ச்செடியின் நாற்றுகளால் சரிவு முழுவதையும் நிரப்பினார்கள். கவாத்து வெட்டாமல் மரமாக வளரவிட்டார்கள். சில ஆண்டுகளில் பூத்தது. அப்படிப் பூத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. வெள்ளைப் பூ உதிர்ந்து தரையே தெரியாது. காய் பிடிக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த காய்களை உடைத்தால் உள்ளே பருப்பில்லை, சப்பி.

நடுகைப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போன பின் விசாரணை வைத்தார்கள். அதை ஆங்கிலத்தில் பதிய வேண்டும் என்பது விதி. ஆகவே லெச்சுமியின் பக்கத்தில் மொழிபெயர்க்க நான் இருந்தேன். இரண்டு வகை நடும்படி எழுதினாயா என்று முகாமையாளர் கேட்டார்.

"எழுதினேன் ஐயா."

இந்தத் தாளில் இருக்கிறதா, காட்டு என்றார். லெச்சுமி தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். விரல் மூலையில் வந்து நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுல இல்ல ஐயா" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்தேன். அன்று முழுவதும் ஒரு சொல்லைக்கூடப் பிழையாக மொழிபெயர்க்கவில்லை. என்னுடைய சொல் என்று ஒன்றையும் பேசவும் இல்லை. அடுத்த மாதம் அவரை நுணுக்குக்காட்டியிலிருந்து எடுத்து நாற்றுமேடையில் மண் நிரப்பும் வேலைக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

நாற்றுமேடையின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் இரண்டு தேயிலைச் செடிகளை வெட்டாமல் மரமாக விட்டார். இரண்டும் வெவ்வேறு சாதி. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. ஐந்தாறு வருடங்களில் இரண்டும் காய்த்துக் குலுங்கின. அந்தப் பக்கம் போவோர் எல்லோரும் பார்த்தார்கள். இதற்கு அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அர்த்தம் தெரிந்த நான் வேறு வழியால் நடந்தேன்.

என் கணவர் இறந்த ஆண்டில், எட்டுச் செலவுச் சடங்கு எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பின், ஒரு பிற்பகல் லெச்சுமி வந்தார். கையில் ஒரு காகிதப் பை. "ரெண்டு சாதிக் காய் மிஸ். தொட்டியைப் பெருசாக்கப் போறாங்களாம். மரத்தை வெட்டிருவாங்க. அதான் பொறுக்கிக்கிட்டு வந்தேன்" என்றார். உள்ளே மூன்று விதைகள். என்ன பேசுவது என்று தெரியாமல், என் மகன் அனுப்பியிருந்த ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். சில குடும்பத்துப் பூக்களில் தம்பம் ஒரு நொதியத்தைச் சுரக்கிறது. மகரந்தக் குழாய் வளர்வதற்கான கட்டளைகளைச் சுமக்கும் அமிலத்தை அந்த நொதியம் துண்டு துண்டாக வெட்டுகிறது. உள்ளே வரும் எல்லாக் குழாய்க்குள்ளும் அது நுழையும். மற்றச் செடிகளின் நொதியத்தை அடையாளமிட்டு அழிக்கும் புரதங்கள் மகரந்தத்திடம் உண்டு. தன் சொந்தச் செடியின் நொதியத்துக்கு உரியது மட்டும் இல்லை. தேயிலையிலும் அத்தகைய நொதியம் இருப்பதாகத் தெரிகிறது. முழு விவரமும் இன்னும் தெளிவில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப வேத்தாள் விஷத்தை முறிக்கத் தெரியுது. சொந்த வீட்டு விஷத்தைத்தான் முறிக்கத் தெரியல."

பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"அந்தத் தாளு உங்ககிட்டதானே மிஸ் இருக்கு? நான் கையால எழுதினது?"

"ஓம்."

"செவப்பு மையில வெட்டினது?"

"ஓம். அண்டைக்கு நீர் ஏன் சொல்லேல்லை, லெச்சுமி?"

"அன்னைக்கு என் வாயி நீங்கதானே மிஸ். வாயை எதுத்து எதால பேசுறது?"

நான் எழுதிக் கொடுக்கிறேன், நிலையத்துக்கு, எல்லோருக்கும், என்றேன். "எப்ப?" என்று கேட்டார். நான் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். அவர் சிரித்துவிட்டுக் குடையை எடுத்தார். அது பத்து வருடங்களுக்கு முன். எழுதவில்லை. நிலையம் மூடப்படும் என்றார்கள். மூடிய பின் எழுதலாம் என்று நினைத்தேன். மூடிய பின், யாருக்கு எழுதுவது என்று நினைத்தேன். அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் உங்கள் சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஒருவர் மட்டும் தொலைபேசியில், "பழைய கதை மிஸ், இப்ப யாருக்கு?" என்றார். லெச்சுமியின் செலவு முடிந்த பின் கோகிலாவிடம் முழுவதையும் சொன்னேன். "அம்மாவே கேக்கல. நீங்க ஏன் மிஸ் இப்ப?" என்றாள். கோபமில்லாமல் கேட்டாள். கோபப்பட்டிருக்கலாம்.

விதைத்தோட்டம் இருந்த சரிவில் இப்போது வீடுகள். தொட்டிக்குப் பின்னால் நின்ற இரண்டு மரங்களும் இல்லை. விசாரணையில் இருந்தவர்களில் நான் மட்டுமே மிச்சம். இந்தப் பக்கங்களை நீங்கள் அச்சிட்டாலும், வாசிப்பவர்கள் முதலில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எதுவும் சரியாகும் என்ற நம்பிக்கையில் இதை எழுதவில்லை. பிழை என்று தெரிந்த பின் பிழையை விட்டுவைக்க எனக்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் முப்பது வருடங்களுக்கு மேல் விட்டுவைத்தேன்.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் கையெழுத்தில் உள்ள தாள். நான்காவது வரியில் சாதி என்ற சொல் மீது என் சிவப்புக் கோடு தெளிவாகத் தெரியும். மற்றது, அந்த மூன்று விதைகள். தேயிலை விதை காய்ந்தால் சில வாரங்களில் செத்துவிடும், உடனே ஈரமண்ணில் போட வேண்டும். இது எனக்குத் தெரியும். இதைப் பற்றிய தாளை மொழிபெயர்த்தவளே நான்தான். ஆனால் அவர் கொடுத்தது என்று பத்திரமாகப் பஞ்சில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். இப்போது ஆட்டினால் உள்ளே கலகலக்கிறது.

தாளின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வாழ்க்கைக் குறிப்பில் அந்த வரியை நீக்கிவிட்டு இதைப் போடுங்கள்: "ரெண்டு சாதியை நடும்படி லெச்சுமி எழுதினார். அந்த வரியை மொழிபெயர்ப்பாளர் வெட்டினார். தண்டனை லெச்சுமிக்குக் கிடைத்தது." என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். சாதி என்ற சொல்லை யாரும் திருத்த வேண்டாம்.

இதைப் போடுவீர்களா, மாட்டீர்களா என்பதைக் கடிதமாக எழுதி எனக்கு அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.